கொடுத்த சைக்கிளைக் கொடுத்தபடியே

சன்னிவேலில் ஒரு தமிழர் வீட்டு கராஜில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து ஹோட்டலில் தோசைக்கல்லில் வேலை. வீட்டுக்காரரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். கராஜ் மூலையில் அவருடைய பழைய டூரிங் சைக்கிள் கிடந்தது. மூட்டைமுடிச்சோடு ஊர்விட்டு ஊர் போவதற்கென்றே செய்த இரும்பு வண்டி.

"குப்பைக்குப் போறதுதான், எடுத்துக்கோ. தோசை ஊத்தப் போறவனுக்கு இது போதும்ல?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எடுத்துக்கொண்டேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. அந்தச் சைக்கிளிலேயே டெக்சாஸ் வரை போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

வண்டியைச் சரிசெய்யவே நான்கு மாதம் பிடித்தது. சீட்டுக் கம்பி சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. தினமும் எண்ணெய் விட்டு, ஒன்பதாம் நாள்தான் அசைந்தது. இரும்புச் சக்கரங்களுக்குப் பதில் அலுமினியச் சக்கரங்கள். அவை கொஞ்சம் சிறியவை. அதற்கேற்பப் புது பிரேக் கட்டைகளை ஒரு நூல் அளவு இறக்கி மாட்டினேன். மேடு ஏறப் பின்னால் பெரிய பல்சக்கரம். துருவைத் தேய்க்கத் தேய்க்கச் சட்டத்தின் பச்சை வெளியே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அங்கிளின் ஆபீஸ் நண்பர் அதைப் பார்த்துவிட்டார்.

"டேய், இந்த மாதிரி ஃப்ரேம் இப்பக் கிடைக்கவே கிடைக்காதுடா!"

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "உனக்குச் சும்மா ஓட்டத்தானேப்பா குடுத்தேன்? நாளைக்கு ரைடு போறோம். நான் எடுத்துக்கறேன்."

"சரிங்க அங்கிள்."

கழற்றிய எதையும் நான் எறிவதில்லை. சனிக்கிழமை விடிந்ததும் உட்கார்ந்தேன். பழைய சக்கரம், வெடித்த டயர், துருச் செயின், பிடிக்காத பிரேக், எல்லாவற்றையும் இருந்த இடத்தில் மாட்டினேன். ஒன்பது மணிக்கு நண்பர்கள் ஹெல்மெட்டோடு வந்து நின்றார்கள்.

"என்னப்பா இது?" என்றார் அங்கிள்.

"நீங்க குடுத்தது. ஒரு நட்டு குறையாது, பாத்துக்கங்க."

நண்பருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏறுடா, ரைடு போலாம்!"

"அந்தப் புது வீல் எல்லாம் எங்க?"

"அது நான் வாங்கினது அங்கிள்."

"அப்ப நீயும் ரூமைக் காலி பண்ணு."

பையை முதுகில் போட்டுக்கொண்டு, கைக்கு ஒரு சக்கரமாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சட்டத்துக்குத் துருவை மட்டும் என்னால் திருப்பிப் பூச முடியவில்லை. அது பச்சையாகவே மின்னியது. வெறுப்பில் அங்கிள் அதை வாசல் புல்தரையில் சாய்த்துவிட்டு உள்ளே போயிருந்தார். அங்கே தினமும் காலையில் தானாகப் புல்லுக்குத் தண்ணீர் பீச்சும் குழாய் இருக்கிறது.

கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.