அம்புரோஸ் மேட்டருக்கு வந்த கதை

ராயபுரம் அம்புரோஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சம்பளம் கொடுத்தது துறைமுகம். அவர் பார்த்த வேலை வேறு. துறைமுக வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் தொழிற்சங்கத் தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பிடித்து வைப்பதுதான் அந்த வேலை. தலைவர் நாலு மணிக்குப் பேசுவார் என்று நோட்டீஸ் சொல்லும். ஆறரைக்கு அம்பாசிடர் வந்து நிற்கும். இடைப்பட்ட நேரம் முழுக்க அம்புரோஸுக்குச் சொந்தம்.

கையில் மைக் வந்ததும், "தலைவர் இதோ பீச் ஸ்டேஷனாண்ட வந்துகினு கீறார்" என்று ஆரம்பிப்பார். தலைவர் அப்போது வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார். அம்புரோஸ் கப்பல்களைப் பற்றிப் பேசுவார், காசிமேட்டு நண்டைப் பற்றிப் பேசுவார், புயலில் கரை ஒதுங்கிய ஒரு கிரீக் கப்பலின் கேப்டன் வளர்த்த பூனையைப் பற்றிக்கூடப் பேசுவார். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், மேட்டரைத் தவிர. மேட்டர் தலைவருடையது. ஒரே ஒரு தடவை வாய் தவறிக் கேன்டீன் பிரச்சினையைத் தொட்டு, அதைச் சுருக்கமாகவும் நன்றாகவும் சொல்லி, கைதட்டலும் வாங்கிவிட்டார். பிறகு வந்த தலைவருக்கு வணக்கம் சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த ஆறு மாதம் அம்புரோஸுக்கு மைக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மனிதர் ஜென்மத்துக்கும் மேட்டருக்கு வந்ததில்லை.

வெளியில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்பதை அவர் தூத்துக்குடி உப்பளத்திலிருந்து ஆரம்பிப்பார். அவருடைய மனைவி ஞானம் முதல் வாக்கியத்திலேயே உப்பு ஜாடியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவார்.

ரிட்டயர் ஆனதும் மனிதர் தவித்துப் போனார். டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் பாதி கிளாஸ் டீயை வைத்துவிட்டு ஆட்கள் எழுந்து போனார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்தால் சாமியாரே பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். இந்த நிலைமையில்தான், இரண்டாயிரத்து ஏழில், ஒரு பேப்பர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

என் பெயர் கார்குழலி. ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில் நெட் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்த துண்டில், பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினால் உலகத்தில் எவரும் இறக்கிக் கேட்கலாம், அதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர் எனப் போட்டிருந்தது. அம்புரோஸின் கண்ணில் கொடிகட்டிய மேடையே தெரிந்தது.

"இன்னாமா குழலி, இதுல எவனும் எழுந்து போமுடியாதில்ல?"

"போமுடியும் அங்கிள். ஆனா உங்களுக்குத் தெர்யாது."

"அது போதும்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

'அம்புரோஸ் பேசுகிறார்' என்று பெயர். வாரத்துக்கு ஒரு பகுதி, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அப்போதைய நெட் வேகத்தில் அதை இறக்கி முடிப்பதற்குள் ஒருவர் திருவொற்றியூர் போய்த் திரும்பிவிடலாம். அப்படி இறக்கிக் கேட்டால், முதல் கால் மணி நேரம் அவர் தொண்டையைச் செருமியதும் எனக்கு நன்றி சொன்னதும் இருக்கும்.

எனக்கு வளவள என்றால் ஆகாது. மூன்றாவது பகுதி ஏறியபோது, கேட்டு எழுதி அதற்குக் கீழே ஒரு குறிப்பைப் போட்டுவிட்டேன். எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்ற விவரம். பதினெட்டு வரை முன்னுரை, அவசரக்காரர்கள் தாண்டலாம். முப்பத்தொன்றில் நல்ல வஞ்சிரத்தைச் செவுள் பார்த்து வாங்குவது எப்படி. நாற்பதுக்குமேல் கேப்டனின் பூனை. இவ்வளவுதான் எழுதினேன். நாலே நாளில் சிங்கப்பூரிலிருந்து ஒரு மெயில் வந்துவிட்டது: ஐயா, முப்பத்தொன்றாவது நிமிடம் மிகவும் பயனுள்ளது, வாழ்க.

நான் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அம்புரோஸின் முகம் சுண்டிப் போனது.

"அப்போ மீதிய கேக்கலியா அவன்?"

"அந்த ஒண்ணாவது கேட்டாரே அங்கிள். குறிப்பு இல்லன்னா அதுவும் கெடையாது."

"இதப் பாரு குழலி. கூட்டத்துக்கு வந்தவன்கிட்ட மொதல்லயே இன்னா மேட்டருன்னு சொல்லிட்டா, அவன் அத மட்டும் கேட்டுகினு டீ குடிக்கப் பூடுவான். கேக்கணும்னு கீறவன் மொதல்லேர்ந்து கேப்பான். இத எடுத்துடு."

எடுத்துவிட்டேன். அப்புறம் வெறுமனே பகுதி நான்கு, பகுதி ஐந்து என்றுதான் போட்டோம். எந்த ஊரிலிருந்து யார் பக்கத்தைத் திறக்கிறார்கள், யார் பேச்சை இறக்குகிறார்கள் என்பதை நாங்கள் ஏற்றுகிற இணையதளம் எனக்குக் காட்டும். வாராவாரம் ஓமன் நாட்டிலிருந்து ஒருவர் வருவார். பக்கத்தைத் திறப்பார், பகுதியின் எண்ணைப் பார்ப்பார், எதையும் இறக்காமல் மூடிவிடுவார். அது யார் என்று எனக்கும் தெரியும், அம்புரோஸுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

அவருக்கு ஒரே பெண், கிறிஸ்டினா. ஓமன் தலைநகர் மஸ்கட்டில் நர்ஸ். வியாசர்பாடிப் பையன் பாரியைக் கட்டிக்கொண்டவள். பையன் தங்கம், ஆனால் புத்தர் படம் மாட்டிய வீட்டுப் பிள்ளை. மாதா கோயிலில் நடக்காத கல்யாணத்துக்கு என் கால் வராது என்று அம்புரோஸ் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் கூப்பிடாமலே மேடையேறி மைக் பிடித்து வாழ்த்துகிற மனிதர், பெற்ற மகளின் கல்யாணத்துக்குப் போகவில்லை. நாலு வருஷமாயிற்று. அவள் போன் செய்வாள். இவர் எடுத்தால், "அம்மாகிட்ட குடு" என்பாள். அப்பாவும் மகளும் பேசுவது அந்த அளவோடு சரி.

ஒன்பதாவது பகுதியை ஏற்றிய பிறகு அம்புரோஸின் போக்கு மாறியது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நிற்பார்.

"ஓமன்ல எவனாச்சும் எறக்கனானா?"

"தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க அங்கிள்."

"சரி சரி, சொம்மா கேட்டேன்" என்பார். மறுநாளும் வந்து அதையே சும்மா கேட்பார். சவரம் செய்துகொள்வதை நிறுத்திவிட்டார். எதிரில் வருகிறவர்களை மடக்கிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார், அதில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அப்படி என்னதான் பேசி வைத்திருக்கிறார் என்று அந்தப் பகுதியை உட்கார்ந்து கேட்டேன். அவர் மைக் பிடித்ததும் நான் கல்லாவுக்குப் போய்விடுவேன், அதனால் அதுவரை நானே அதைக் கேட்டிருக்கவில்லை. குறிப்பு எழுதாத பேச்சை யார் கேட்பார்கள்?

டோல்கேட்டில் நிற்கும் பஸ்களைப் பற்றி நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த பஸ் எண்ணூர் போகும், எது பாதியில் மக்கர் பண்ணும் என்றெல்லாம். எனக்குக் கொட்டாவி வந்தது. ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், அதே மூச்சில் இது வந்தது:

"கிறிஸ்டினா, உன் கல்யாணத்துக்கு வராம வுட்டது என் தப்பும்மா. எல்லாரும் வந்தாங்க, அப்பன் வரல. மைக்கு சொம்மா நின்னுகினு இருந்திச்சாம், உங்கம்மா வந்து சொன்னா. அன்னிலேர்ந்து எனுக்குத் தூக்கம் இல்ல. அப்பால, அந்த எண்ணூர் பஸ்ஸு இன்னா பண்ணும்னா, மேட்டுல ஏறும்போது..."

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாலு வருஷம் நெஞ்சில் சுமந்ததைக் கொண்டுபோய் எண்ணூர் பஸ்ஸுக்கடியில் போட்டு வைத்திருக்கிறார் மனிதர். அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது.

மறுநாள் அவர் வந்ததும், "கேட்டேன் அங்கிள்" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதுக்குக் குறிப்பு போடணும். எந்த நிமிஷம்னு எழுதனாதான் அவ கேப்பா."

"கேக்கணும்னு கீறவ மொதல்லேர்ந்து கேப்பா."

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. டெய்லி உங்கள பாக்கறேன், நானே கேக்கல. டியூட்டி முடிச்சிட்டு வர்ற பொண்ணு, ஒரு மணி நேரம் இறக்கி, பஸ் கதைய கேட்டுகினு குந்தியிருப்பாளா?"

அம்புரோஸ் சின்னக் குரலில் சொன்னார்: "எழுதாம வுட்டா, அவளுக்குத் தெர்யாது, அதான் கேக்கலன்னு நென்ச்சுப்பேன். எழுதிப் போட்டு, அத்தப் படிச்சிட்டும் கேக்காம வுட்டான்னு வெச்சுக்கோ. அப்பால நான் இன்னாமா பண்றது?"

இவ்வளவு நாளும் நான் அதை வாயாடியின் வீம்பு என்றுதான் நினைத்திருந்தேன். பயம் என்று தோன்றவே இல்லை. இருந்தாலும் விடவில்லை.

"இதுக்கு எந்தத் தலைவரும் வரமாட்டாரு அங்கிள். உங்க மேட்டரு. நீங்கதான் சொல்லணும். சொல்லுங்க, அடிக்கறேன்."

சொல்ல ஆரம்பித்தார். "அன்பு நெஞ்சங்களே, அலை புரளும் ராயபுரக் கடற்கரையிலே, பாரம்பரியம் மிக்க..." நான் பேக்ஸ்பேஸை அழுத்தினேன். "ஒரு தகப்பனின் இதயம் என்பது எப்படிப்பட்டதென்றால்..." அழுத்தினேன். "கடந்த நான்காண்டுக் காலமாக நிலவிவரும் சில கருத்து வேறுபாடுகளை முன்னிட்டு..." இது சங்கத் தீர்மானமா என்று கத்தியே விட்டேன். பக்கத்தில் ரிசல்ட் பார்க்க வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மத்தியானம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது. ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிற மனிதருக்கு ஒரு வரி வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அவரே அடித்தார்:

ஐம்பத்து மூன்றாவது நிமிடம்: மகள் கிறிஸ்டினாவிடம் மன்னிப்பு கேட்கிறேன்.

"இன்னும் எதுனா சேக்கணுமா?" என்றார்.

"ஒரு எழுத்து சேத்தீங்கன்னா கடைய மூடிடுவேன்" என்று சொல்லி, அவர் மனசு மாறுவதற்குள் ஏற்றிவிட்டேன்.

ஓமன்காரர் அந்த வாரமும் வந்தார். பக்கத்தைத் திறந்தார். பகுதி ஒன்பதை இறக்கினார். நான் ஓடிப்போய் அம்புரோஸிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அடுத்த நாள் போன் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஏன்தான் எழுத வைத்தோமோ என்று எனக்கே சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். பத்தாவது பகுதியைப் பதிவு செய்ய உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, சங்குபோட்டு வரும் கப்பல்களைப் பற்றி ஆரம்பித்தபோது சட்டைப்பையில் செல் அடித்தது. நீளமான நம்பர். அவசரத்தில் எதையோ அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். கடை முழுக்க அந்தக் குரல் கேட்டது.

"நைனா, நான்தான். அத்தக் கேட்டேன்."

அம்புரோஸ் எழுந்து நின்றுவிட்டார். நின்றவர் என்ன கேட்டார் தெரியுமா? "முன்னாடி பின்னாடில்லாம் கேக்கலியாம்மா?" என்றார். எனக்கு அவர் தலையில் கீபோர்டாலேயே போடலாம்போல இருந்தது.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "அதெல்லாம் பொறந்ததுலேர்ந்து கேட்டுகினுதானே கீறேன் நைனா. இந்த ஒண்ணத்தான் நீ சொன்னதே இல்ல. மூணு தபா கேட்டேன்."

அம்புரோஸ் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. கடையில் இருந்தவர்களெல்லாம் மவுஸை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"நைனா? கீறியா? கார்டு தீர்ந்துடும், பேசு."

"வூட்டுக்கு வாம்மா" என்றார் அம்புரோஸ். "மாப்ளயயும் இட்டுகினு வா."

"வர்றோம்" என்றாள் கிறிஸ்டினா.