பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

பாலக்கரையில் மாடியில் இருக்கும் இர்பானாவின் கடைக்கு அறுவடைக் காலம் என்றால் அது விஜயதசமிதான். ஆயுத பூஜைக்கு ஊரே கம்ப்யூட்டரை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுக்கும். மறுநாள் நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போடும். வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடிப் பழகிய ஹார்ட் டிஸ்க்குகளில் நாலைந்து, அன்றைக்குப் பார்த்து எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்புறம் என்ன, ஒரு கையில் டிஸ்க்கும் மறு கையில் பொரிகடலைப் பொட்டலமுமாக ஆட்கள் அவள் கடைப் படியேறி வருவார்கள்.

செத்துப்போன டிஸ்க்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டெடுப்பதுதான் இர்பானாவின் தொழில். வயது நாற்பத்தாறு. இருபது வருஷத்துக்கு முன்னால் சிங்காரத்தோப்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே ஒரு ஸ்டூடியோக்காரரின் டிஸ்க் டிக் டிக் என்று அடித்தபோது, பயம் தெரியாத வயசில், திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுத்துப் பார்த்தாள். எட்டாவது தடவையில் உள்ளே இருந்த தட்டு கீறிப்போய், ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அந்த மனுஷர் ஒரு வார்த்தை திட்டவில்லை, டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன் என்று இர்பானா இன்றைக்கும் சொல்வாள். அதிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?" என்பதுதான்.

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஒரே தடவைதான் மேடம். அவ்வளவும் பொய். டிஸ்க்கைத் தொட்டாலே அவளுக்குத் தெரிந்துவிடும், ஆனாலும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய விஜயதசமி. காலை பத்து மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த தமிழ்மணிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் மனைவி மலர்க்கொடி, துண்டில் சுற்றிய டிஸ்க்கை, பஸ் குலுக்கலில் ஆடிவிடக் கூடாதென்று வழியெல்லாம் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எத்தனை தடவை ஆன் பண்ணீங்க தம்பி?"

"ஒரே தடவைதாங்க. மூணு டிக் கேட்டுச்சு, அப்புறம் நின்னுடுச்சு. சத்தம் சரியில்லைன்னு ஒயரைப் புடுங்கிட்டேன்."

இர்பானா நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருஷத்தில் இந்தப் பதிலை அவள் முதல் முறையாக நம்பினாள்.

விஷயம் இதுதான். தமிழ்மணி வீட்டில் ஒரு பிரெய்ல் அச்சு இயந்திரம் இருக்கிறது. பார்வையில்லாதவர்கள் பதினோரு பேர் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய பாடம் கடையில் எங்கே கிடைக்கும்? மலர்க்கொடி புத்தகத்தை வாய்விட்டு வாசிக்க, தமிழ்மணி பிரெய்லில் தட்டச்சு செய்தார். ஏழு மாசம், ஆயிரத்து நூறு பக்கம். விஜயதசமியன்று நல்ல நாளாக அச்சை ஆரம்பிப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். தேர்வுக்கு ஐந்தே வாரம். இந்த டிஸ்க் போனால் பதினோரு பேரும் வெறுங்கையோடு தேர்வெழுதப் போகவேண்டும்.

"வேற நகல் இருக்கா?"

"இருக்குங்க. சி டிரைவ்ல ஒண்ணு, டி டிரைவ்ல ஒண்ணு."

இர்பானா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதானே தம்பி இருக்கு. ஒரே வீட்டுல ரெண்டு ரூம்ல வெச்ச மாதிரி. வீடே விழுந்துட்டா?"

மலர்க்கொடி துண்டைப் பிரித்தாள். டிஸ்க்கின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். மூடக் கூடாது என்று எழுதியிருக்கும் சின்னக் காற்றுத் துளையின் மேலேயே கச்சிதமாக வைத்திருந்தாள்.

"என் உசுரே இதுக்குள்ளதான் இருக்குன்னு அவங்க எப்பவும் சொல்லுவாங்க. அதான் பெட்டியைத் திறந்து, இதுக்குன்னு தனியா வெச்சேன்" என்றாள் மலர்க்கொடி. "நானே கெடுத்துட்டேன் அக்கா."

ஏழு மாசம் தொண்டை வறள வாசித்தவள், தன் உழைப்பைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்து நிற்கிறாள். "இங்க பாருங்க, சந்தனம் ஒண்ணும் பண்ணல" என்றாள் இர்பானா அழுத்தமாக. "ஒன்பது வருஷம் ஓடின டிஸ்க். அணைச்சதும் எந்திரிக்க முடியல, அவ்வளவுதான். அழாதீங்க. கொண்டுவந்த பொரியைக் குடுங்க முதல்ல."

கடையின் பின்னறையில் செத்த டிஸ்க்குகளுக்கென்றே ஒரு அலமாரி உண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கணவர் நசுருதீன், இதென்ன மையத்தாங்கரையா, இத்தனை பிணத்தை அடக்கி வெச்சிருக்கே என்று கிண்டல் செய்வார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதே கம்பெனி, அதே மாடல், அதே மாதத்தில் செய்த டிஸ்க் ஒன்று அந்த அலமாரியில் கிடைத்தது. அன்று மதியமே தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, தமிழ்மணியின் டிஸ்க்கைத் திறந்தாள். தட்டைப் படிக்கும் ஊசி போன்ற பாகம் பழுதாகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அலமாரியில் கிடைத்த டிஸ்க்கில் நன்றாக இருந்த பாகத்தை மாற்றினாள். மூச்சுக் காற்றுகூடப் படக் கூடாத வேலை. பிஸ்மி சொல்லிக் கரண்ட் கொடுத்தபோது டிஸ்க் சத்தமில்லாமல் சுழன்றது.

அதற்காக அவள் அவசரப்படவில்லை. அந்த டிஸ்க்கில் எதையும் திறந்து பார்க்காமல், அப்படியே முழுசாக வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டாள். சுலபமாகப் படிக்கிற இடத்தை முதலில், முரண்டு பிடிக்கிற இடத்தைக் கடைசியில். நடுநடுவே நிறுத்தி ஆறவைத்தாள். நாலு நாள் ஆயிற்று.

ஐந்தாம் நாள் தம்பதியை வரச் சொன்னாள். கோப்புகள் வந்திருந்தன, ஆனால் திறந்தால் திரையில் கமாவும் கேள்விக்குறியும் ஆங்கில எழுத்துமாகக் கொட்டிக் கிடந்தது. அது சரியான பிரெய்லா, குப்பையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நகல் எடுத்தா மட்டும் போதாது தம்பி, திறந்து படிச்சுப் பார்க்கணும். படிக்காத நகலை நான் நகல்னே சொல்ல மாட்டேன். எனக்கு இது படிக்கத் தெரியாது. நீங்கதான் பார்க்கணும்."

தமிழ்மணி வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பாடத்திலும் பக்கங்களை அச்சிட்டு, விரலால் தடவித் தடவிப் படித்தார். மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. நாற்பத்தாறு பக்கம் தவிர எல்லாம் சரி. அந்த நாற்பத்தாறும் தட்டில் கீறல் விழுந்த இடத்தில் இருந்தவை. என்ன செய்தாலும் வராது என்று இர்பானா மழுப்பாமல் சொன்னாள்.

அவற்றை மறுபடி வாசித்துத் தட்டச்சு செய்யலாமென்றால், மலர்க்கொடிக்கோ அழுதழுது தொண்டை கட்டிப் பேச்சே எழும்பவில்லை. அதனால் இர்பானா மூன்று நாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினாள். அவள் புத்தகத்தை வாசிக்க, தமிழ்மணி தட்டச்சு செய்தார். புவியியலில் ஆற்றுப் பெயரெல்லாம் தப்பும் தவறுமாக வாசித்து, மலர்க்கொடியிடம் சைகையிலேயே திட்டு வாங்கினாள். தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது பதினோரு பேர் கையிலும் புத்தகம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு அவர்கள் வீட்டில் எதற்கும் மூன்று நகல். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பீரோவில், ஒன்று காவிரியைத் தாண்டி இர்பானாவின் இரும்பு அலமாரியில். மாசம் தவறாமல் முதல் வெள்ளியன்று அவள் அந்த டிஸ்க்கை எடுத்து, ஒரு எழுத்துகூடக் கெடவில்லை என்று மெஷினில் போட்டுச் சரிபார்ப்பாள். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும், "அணைக்கும் முன் நகல் எடுங்கள்" என்று செய்தி அனுப்புவாள். கூடவே வட்டமான வெள்ளை ஸ்டிக்கரும் கொடுப்பாள். டிஸ்க்கில் எங்கே பொட்டு வைக்கலாமோ அங்கே ஒட்டிக்கொள்ள.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் பெலிண்டா. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி, பொன்மலையில் வீடு. தேர்ச்சி பெற்று வேலையில் சேர்ந்துவிட்டாளாம். இப்போது தனக்குப் பின்னால் படிக்கிறவர்களுக்காகக் குறிப்புகள் தயாரிக்கிறாள்.

"என் நோட்ஸோட மூணாவது நகல் உங்ககிட்ட இருக்கட்டும்க்கா" என்று பென் டிரைவை நீட்டினாள்.

"என்னை எப்படிம்மா தெரியும்? தமிழ்மணி சொன்னாரா?"

"புத்தகத்துலயே போட்டிருக்கே." பையிலிருந்து தடிமனான புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, இர்பானாவின் விரலைப் பிடித்துப் புள்ளிகளின் மேல் நகர்த்திக்கொண்டே வாசித்தாள். "இந்த நூல் ஒருமுறை அழிந்தது. பாலக்கரை இர்பானா மீட்டுக் கொடுத்தார். மீளாத நாற்பத்தாறு பக்கங்களையும் தாமே வாசித்துக் கொடுத்தார்."

இர்பானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்துபோய் இரும்பு அலமாரியிலிருந்து தமிழ்மணியின் நகல் டிஸ்க்கை எடுத்து மெஷினில் மாட்டி, கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அதே கமா, அதே கேள்விக்குறி. முப்பது மாசத்துக்கு மேலாக மாசாமாசம் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, பூட்டிப் பூட்டிப் பத்திரப்படுத்தி வந்திருக்கிறாள். அதில் அவள் பெயர் இருந்திருக்கிறது.

"மூணு வருஷமா என் கையிலேயே இருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சேம்மா."

பெலிண்டா சிரித்தாள். "நகல் எடுத்தா மட்டும் போதாது, திறந்து படிச்சுப் பார்க்கணும்னு நீங்கதானே சொன்னீங்களாம்."

இர்பானாவும் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலை நினைத்து அவளுக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பென் டிரைவை வாங்கி மெஷினில் சொருகினாள். நகல் ஓடி முடிந்ததும் பெலிண்டாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளைத் திறந்து, ஹெட்போனை அவள் கையில் கொடுத்தாள்.

"உட்காரும்மா. நீ கேட்டுப் பார்த்துச் சரின்னு சொல்லு. அப்பதான் அலமாரியில வெப்பேன்."