எங்களைத் தெரிந்த ஒருவர்

நான் நீட்டிய ஆதார் கார்டை அந்த வாடகை சைக்கிள் கடைக்காரர் ஒற்றை விரலால் என் பக்கமே தள்ளிவிட்டார். நந்தி மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். பெங்களூரில் இந்தக் கார்டை நீட்டினால் எந்த அபார்ட்மெண்ட் கேட்டும் திறக்கும், முகத்தை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவருக்கோ கார்டு வேண்டாமாம். அப்படி கார்டு நகலைக் கொடுத்து எடுத்துப்போன யாரோ சைக்கிளை மலைப்பாதையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். “நிம்மன்ன கொத்திரோரு யாராதரூ இத்தாரா?” என்றார். உங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. அவரோடு போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதுமாம்.

சொந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. எங்கள் ஊர் ஆம்பூரில் நான் வாடகை சைக்கிள் எடுத்த காலத்தில் என் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. “யார் வூட்டுப் புள்ள?” என்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால் சைக்கிள் கைக்கு வந்துவிடும். தியேட்டர் பக்கம் போனால் நான் திரும்புவதற்குள் சேதியும் வீட்டுக்குப் போய்விடும். அந்தத் தொல்லை இல்லாத ஊர் என்றுதான் பெங்களூரு எனக்குப் பிடித்தது. யாருக்கும் யாரையும் தெரியாது, என்ன நிம்மதி என்று எத்தனையோ பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

மகள் அதற்குள் ஒரு சின்ன சைக்கிளில் ஏறி மணியடித்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் இருக்கும் மச்சானைச் சொன்னேன். இந்தப் பக்கத்து ஆளாகச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் என்னைப் போலப் பிழைக்க வந்தவர்கள். போனை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே பெயர்தான்: பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு ஓனர் ரத்னம்மா.

“அவங்களுக்கா? வேணாங்க” என்றாள் என் மனைவி சுமதி.

காரணம் இருந்தது. ஒன்பது வருஷமாக அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். மகள் பிறந்ததே அங்கேதான். தன் மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும், இந்த மாதக் கடைசியில் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நியாயமான காரணம், சண்டை போடவும் வழியில்லை. அதிலிருந்து படியில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு தேடி அலைந்து, ஒரு நாளாவது வீட்டு நினைப்பில்லாமல் இருப்போம் என்றுதான் இங்கே வந்திருந்தோம்.

வேறு வழியில்லாமல் போன் போட்டு ஸ்பீக்கரில் கொடுத்தேன். கடைக்காரர் எங்களைப் பற்றி விசாரித்தார். ரத்னம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “நம்ம மனெயவரே. கொடி” என்றார். எங்கள் வீட்டு ஆட்கள்தான், கொடுங்கள். கேட்க இதமாக இருந்தது, கூடவே கோபமும் வந்தது. காலி செய்யச் சொன்ன அதே வாய் அல்லவா?

கடைக்காரர் போனை என்னிடம் நீட்டி, உங்கள் அம்மா பேச வேண்டுமாம் என்றார். நான் திருத்தவில்லை.

ரத்னம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். “மனெ கிடைச்சுதா?” என்றார்.

“இன்னும் இல்ல ஆன்ட்டி.”

“புள்ளய முன்னால வுட்டு நீங்க பின்னால போங்க. அந்த ரோட்டுல லாரி வரும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திராட்சைத் தோட்டங்களின் ஓரமாக மதியம் வரை ஓட்டினோம். மகள் முன்னால், நாங்கள் பின்னால். சுமதி அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது.

சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் டயரைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த முறை வந்தால் யாருக்கும் போன் போட வேண்டாம், நீங்கள் எந்த வீட்டு ஆட்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டதே என்று சிரித்தார்.

சரி என்பதாக “ஆய்த்து” என்றேன். எந்த வீடு என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.