முழுக்கைச் சட்டை

மணமேல்குடியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு, கருவாடு காயப்போடும் அக்கா ஒருவர் டாக்டர் சீட்டோடு வந்தார். முழங்காலைப் பிடித்தபடியேதான் நின்றார்.

“நாள் முச்சூடும் வெயில்லதான் கெடக்கேன். எனக்கு எதுக்குத் தம்பி வைட்டமின் டி மாத்திரை?”

“ஒங்களுக்குத் தேவையில்லைக்கா,” என்று சிரித்தேன். டாக்டர் எழுதியதை வெட்ட நான் யார் என்று அப்போது தோன்றவில்லை.

மறுவாரம் கடற்கரையில், முழங்காலைப் பிடித்து நின்றதை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டேன். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, காலில் சாக்ஸ், முகத்தைச் சுற்றித் துண்டு. வெயில் படக் கண்கள் மட்டுமே மிச்சம். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லத்தான் வண்டியை நிறுத்தினேன்.

அவர் துண்டை விலக்கிச் சிரித்தார். “நீங்க சொன்னத இங்கிட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் தம்பி.”

அவருக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்த பெண்கள் அத்தனை பேரும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள்.