மீதி இரண்டு அடி

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, மாலை 5.20, வாவிப் பக்கமிருந்து சாரல். மீன் வாங்கித் திரும்புகையில் பின்னால் ஒருவன் கத்தியோடு ஓடி வந்தான். பயத்தில் குடையால் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன்.

குனிந்து பார்த்தால், எனக்கு மீன் வெட்டித் தந்த ஏறாவூர் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் காக்கா! மறுகையில் நான் கடையில் விட்டுவந்த மூக்குக்கண்ணாடி. வெட்டிய கத்தியைக் கீழே வைக்க மறந்து ஓடிவந்திருக்கிறார்.

பொலிஸில், தற்காப்புக்காக அடித்தேன் என்றேன்.

“எத்தனை அடி, மாஸ்டர்?”

“மூன்று.” கணக்குப் படிப்பிக்கும் எனக்குப் பொய்க்கணக்கு வராது.

“விழுந்தாப் பிறகு அடிச்சா அது தற்காப்பில்ல. வழக்குப் போட வேணும்.”

நெற்றிக் கட்டோடு காக்கா சிரித்தார். “ஒண்டுதான் சேர். கண்ணாடி இல்லாம மாஸ்டர் எண்ணினா இப்படித்தான்.”

வழக்கு இல்லை. மருந்துக் காசையும் அவர் வாங்கவில்லை. என் கணக்கை ஒருவர் பிழையென்று சொல்லியும் நான் மறுக்காதது அன்று மட்டுமே.

மொத்தச் செலவு: காக்காவுக்கும் எனக்கும் இரண்டு பிளேன்டீ, நூறு ரூபாய்.