பெரியப்பா பூசிக்கொள்ளாத களிம்பு

எனக்கு ஒன்பது வயதில் சிரங்கு வந்தது. அதற்காக என் தலையை மொட்டையடித்தார்கள். சிரங்கு இருந்ததோ விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும். தலையில் ஒரு பரு கூடக் கிடையாது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணியில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. பெரியப்பா, பெரியம்மா, நைனா, அம்மா, நான், இரண்டு வயதுத் தம்பி என்று ஆறு பேர். பெரியப்பா ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். தமிழிலும் தெலுங்கிலும் முத்து முத்தாக எழுதுவார். நைனா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அண்ணன் நின்றால் உட்காரமாட்டார், உட்கார்ந்தால் பேசமாட்டார். பெரியப்பா சுத்தத்துக்குப் பேர்போனவர். இரண்டு வேளையும் குளிப்பார், அவர் துண்டை வேறு யாரும் தொடக்கூடாது.

அந்த வருஷம் ஒரு வழக்கு விஷயமாகப் பட்டணம் போய், ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் ஒரு விடுதியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தார். வரும்போது ஒரு கனத்த கம்பளி கொண்டுவந்தார். மார்கழிக் குளிரில் நானும் தம்பியும் அதற்குள்தான் அவரோடு முண்டியடித்துக்கொண்டு தூங்கினோம். எனக்கு அரிப்பு ஆரம்பித்தது அதற்கு ஒரு மாதத்துக்குப் பிறகு. அதனால் யாரும் கம்பளியை நினைக்கவில்லை. பெரியப்பாவும் அந்நாட்களில் பனியனுக்குள் கையைவிட்டு வயிற்றைச் சொறிந்தபடிதான் இருந்தார். ஆனால் அவருக்கு வந்ததன் பெயர் உடம்புச் சூடு. எனக்கு வந்ததன் பெயர்தான் சிரங்கு.

முதல் வைத்தியம் பெரியம்மா செய்தாள். குப்பைமேனி இலையை உப்பு வைத்து அரைத்து, சொறிந்து சொறிந்து தோல் கிழிந்திருந்த இடத்திலெல்லாம் அழுத்தித் தேய்த்தாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் நீர் சேந்திக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா என்னைக் கதவுக்கு வெளியே தனியாக உட்காரவைத்தாள். என் பலகையை மட்டும் காகிதத்தால் பிடித்து வாங்கினாள். நேற்றுவரை என்னோடு பாண்டி ஆடினவர்கள் என் நிழல் விழுந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். நான் என்ன திருடினேனா?

இரண்டாவது வைத்தியம் பெரியப்பாவுடையது. "முருகனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி நிக்குது. அதான் கொழந்த மேல காட்டிகினு இருக்கான்" என்று முடிவு சொன்னார். சரவணப் பொய்கையில் முழுகவைத்து மலைமேல் இட்டுப்போனார்கள். மொட்டையடிக்கிறவர் என் தலையை ஈரப்படுத்திவிட்டுக் கேட்டார், "பாப்பாவுக்குத் தலையில இன்னா?"

"தலையில ஒண்ணும் இல்ல. கையில" என்றேன்.

"அப்ப கையைத்தானே..." என்று ஆரம்பித்தவர், பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். இடுப்புவரை இருந்த என் முடி மடியில் வந்து விழுந்தது. சிரங்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவதாக, வீட்டில் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். நாகம்மா. கே.ஜி.கண்டிகையிலிருந்து தினமும் காலையில் நடந்தே வந்து பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே மீதி வேலையெல்லாம் செய்கிறவள். எனக்குத் தினமும் தலை பின்னிவிட்டவளும் அவள்தான். ஒரு காலை பெரியம்மா கொல்லைப்பக்கம் வந்து நின்று, "நாளையிலிருந்து நீ வரவேணாம் நாகம்மா" என்றாள்.

"ஏம்மா, இன்னா தப்பு செஞ்சிட்டேன்?"

"பொண்ணு ஒடம்பப் பார்த்தியா? எங்க வூட்ல யாருக்கும் இதெல்லாம் வந்ததில்ல. எங்கயிருந்து வந்திருக்கும்?"

நாகம்மா தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். சாம்பலைக் கழுவிவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். புரட்டிக் காட்டினாள். விரல்களை விரித்துக் காட்டினாள். "பாருங்கம்மா. ஒரு பொட்டு இருக்குதா பாருங்க."

ஒன்றும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன். காய்த்துப்போன, சுத்தமான கைகள். "பெரியம்மா, நாகம்மா கையில ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினேன். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பார்த்துவிட்டு இருக்கிறது என்று பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தம்பி மட்டும் நாகம்மா போன திசையைப் பார்த்து நாள் முழுக்க அழுதான்.

அவள் போய் ஒரு வாரத்தில் தம்பிக்கும் அம்மாவுக்கும் அரிப்பு முற்றியது. அம்மா யாரிடமும் சொல்லாமல் என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு வேதக்கோயிலை ஒட்டியிருந்த அறைக்குப் போனாள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் வியாழக்கிழமைதோறும் ரயிலில் வந்து அங்கே நோயாளிகளைப் பார்ப்பார். தெற்கே எங்கோ பிறந்தவர். தடித்த கண்ணாடி. என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நாகம்மா போன பிறகு என்னைப் பயமில்லாமல் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

விரலிடுக்கில் நூலிழைபோல ஒரு கோடு இருந்தது. அதன் நுனியில் ஊசியால் மெல்லக் கிளறி எதையோ எடுத்தார். கறுப்புத் துணிமேல் வைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். வெள்ளைப் புள்ளி ஒன்று கால்களை ஆட்டிக்கொண்டு நகர்ந்தது.

"இதுதான் உன்னைத் தூங்கவிடாம பண்ணினது. சாமி குத்தமும் இல்ல, சூடும் இல்ல" என்றார். பிறகு என் மொட்டையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "முடி வளர்ந்துடும்" என்று மட்டும் சொன்னார்.

கந்தகக் களிம்பை இரண்டு டப்பாவில் கொடுத்தார். தம்பிக்குக் காரம் குறைத்து வேறொன்று. கழுத்துக்குக் கீழே உள்ளங்கால்வரை ஒரு இடம் விடாமல் மூன்று ராத்திரி பூசவேண்டும். இடையில் குளிக்கக்கூடாது. நாலாம் நாள் குளித்துவிட்டு, கட்டின துணி, படுத்த துணி எல்லாவற்றையும் வேகவைக்க வேண்டும். கம்பளிபோல வேகவைக்க முடியாததை மூட்டையாகக் கட்டி ஒரு வாரத்துக்குமேல் யாரும் தொடாமல் வைக்கவேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு வாரம் அரிக்கும். அதற்குப் பயந்து மேலும் மேலும் பூசித் தோலைப் புண்ணாக்கக்கூடாது.

"முக்கியமானது இதுதான்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல இருக்கிற எல்லாரும் ஒரே நாள்ல பூசணும். அரிக்கிறவங்களும், அரிக்காதவங்களும். இந்தப் பூச்சி உள்ள போய் ஒரு மாசம் சத்தம் காட்டாம இருக்கும். ஒருத்தரை விட்டாலும் அவர்கிட்டேயிருந்து திரும்பி வந்துடும்."

வீட்டுக்கு வந்து அம்மா டப்பாவைத் திறந்தாள். பட்டாசு வெடித்த தெருபோல நாற்றம். நைனா மறுபேச்சில்லாமல் பூசிக்கொண்டார். பெரியம்மாகூட முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தாள். பெரியப்பா மட்டும் கூடத்தில் நின்று பெரியம்மாவிடம், அதாவது பெரியம்மா வழியாக என் அம்மாவிடம் சொன்னார்: "நாலு பேர் வர்ற எடத்துல ஒக்காந்து எழுதறவன் நானு. கந்தகத்தப் பூசிகினு போவ முடியுமா? எனக்கு இன்னா சொறியா? ஒன் ஓரகத்திகிட்ட சொல்லு." சொல்லும்போதே அவர் கை பனியனுக்குள் இருந்தது. வீட்டில் இருந்த நான்கு பெரியவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லையாம்!

எனக்கு முழுக்கக் குணமாயிற்று. மூன்று வாரம் கழித்து மறுபடியும் விரலிடுக்கில் கொப்புளம். "அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் பெரியம்மா. "நாகம்மா தொட்ட பாத்திரத்துல இன்னும் இருக்குது போல" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா கேட்டார், "யாரையும் விடலையே?"

"ஆங், எல்லாரும் போட்டுகினோம்மா" என்றாள் அம்மா.

"பொய்! பெரியப்பா போட்டுக்கல. அவரு தினமும் சொறிஞ்சிகினு இருக்காரு!"

அம்மா என் தொடையில் கிள்ளினது சிரங்கைவிட எரிந்தது. டாக்டரம்மா அம்மாவையும் கடிந்துகொள்ளவில்லை, என்னையும் மெச்சவில்லை. ரயிலுக்கு நேரமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்து வந்தார்.

பெரியப்பா நாற்காலியில் இருந்தார். இன்றைக்கு மாட்டிக்கொண்டார் என்று நான் தூணுக்குப் பக்கத்தில் இடம்பிடித்து நின்றேன்.

"ஐயா, இந்த வீட்டுல உங்க பேச்சைத்தான் எல்லாரும் கேப்பாங்களாம். எனக்கு உங்க ஒத்தாசை வேணும்" என்றார் டாக்டரம்மா.

"சொல்லுங்க" என்றார் பெரியப்பா, கொஞ்சம் நிமிர்ந்து.

"மருந்தைச் சரியாப் பூசத் தெரியாமதான் பாதி வீட்டுல நோய் திரும்புது. ஒருத்தருக்குப் பூசிக் காட்டினா மத்தவங்க பார்த்துக்குவாங்க. உங்க கையைக் கொடுங்க."

பெரியப்பா தயங்கினார். பிறகு கொடுத்தார். டாக்டரம்மா விரல்களை விரித்தார். என் கையில் இருந்த அதே நூல்கோடுகள், பழையவையும் புதியவையுமாக, பொருக்குத் தட்டி. இதோ சொல்லப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதெல்லாம், "இடுக்குல இப்படி. நகத்துக்கு அடியில இப்படி. மணிக்கட்டுல சுத்தி" என்பதுதான். பூசிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார், "ராத்திரி தூக்கம் வருதாய்யா?"

பெரியப்பா கண்களை மூடிக்கொண்டார். "நாலஞ்சு மாசமா இல்லம்மா" என்றார்.

கூடத்தில் எல்லாருக்கும் அது கேட்டது. எல்லாரும் கேட்காதவர்கள்போல நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நாகம்மா?" என்று கத்திவிட்டேன்.

"நாகம்மா யாரு?" என்றார் டாக்டரம்மா. கடைசியில் அம்மா தணிந்த குரலில் சொன்னாள். டாக்டரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பையிலிருந்து இன்னும் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "இது அவங்க வீட்டுக்கு. நாளைக்கே போய்ச் சேரணும்" என்றார். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டாக்டரம்மாமேலும் கோபம் வந்தது. இவரும் நாகம்மாவைத்தான் சந்தேகப்படுகிறாரா?

மறுநாள் அம்மா ஒரு துணிமூட்டையை இடுக்கிக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு கண்டிகைக்கு நடந்தாள். நாகம்மா குடிசை வாசலிலேயே இருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து பின்வாங்கினாள்.

"கிட்ட வராதீங்கம்மா. பாப்பாவுக்கு மறுபடியும் ஒட்டிக்கும்."

அவள் கையைப் பார்த்தேன். அன்று புரட்டிக் காட்டிய அதே கைகள். இப்போது இடுக்கெல்லாம் சீழ்வைத்திருந்தது. அவள் புருஷன் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கைக்குழந்தையின் உள்ளங்காலில்கூடக் கொப்புளம். அம்மண்ணா என்று சின்னதாக ஒரு திகைப்புச் சத்தம் அம்மாவின் வாயிலிருந்து வந்தது.

"நான்தாம்மா கொண்டாந்து ஒங்க வூட்ல வச்சிட்டேன்" என்றாள் நாகம்மா. "அப்ப வெளிய தெரியல. உள்ளாரவே இருந்திருக்குது. பெரியம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான்தான் வாயாடிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோள்மேல் வந்து அமர்ந்தது. பிறகு அம்மா டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். எல்லாரும் ஒரே நாளில், கழுத்துக்குக் கீழே, மூன்று ராத்திரி, துணியை வேகவைக்கணும்.

"கட்டிகினு இருக்கிறது ஒண்ணுதாம்மா" என்றாள் நாகம்மா. "இத வேவ வச்சிட்டு நான் இன்னாத்தக் கட்டுறது?"

துணிக்கு ரேஷன் கார்டு போட்டிருந்த சமயம் அது. அம்மா மூட்டையை அவிழ்த்தாள். குழந்தைக்குப் பழைய சட்டைகள். அவற்றின் கீழே, கார்டில் வாங்கி அம்மா இன்னும் ஒருநாள்கூடக் கட்டாத புதுப் புடவை. நாகம்மா அம்மாவின் காலைத் தொடக் குனிந்தாள். அம்மா சட்டென்று விலகி நடக்க ஆரம்பித்தாள்.

பாதி தூரம் வந்த பிறகு கேட்டேன். "ஏம்மா சொல்லல? நம்ம வூட்லயிருந்துதானே அவங்களுக்குப் போச்சு?"

"பொடவ குடுத்தேனில்ல" என்றாள்.

"நான் பொடவயப் பத்திக் கேக்கல."

"ஆங், தெரியும்" என்றாள் அம்மா. நடையை எட்டிப் போட்டாள்.

இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. பெரியம்மா பொய்க்காரி, பெரியப்பா கோழை, நைனா ஊமை, டாக்டரம்மா தெரிந்தும் சொல்லாதவர், அம்மா எல்லாருக்கும் மேல் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கோபப்பட்டேன். நாகம்மா எங்கள் வீட்டுக்குத் திரும்ப வரவே இல்லை; அவளைக் கூப்பிடவும் இல்லை. தான்தான் நோயைக் கொண்டுவந்தவள் என்று நம்பியே அவள் இருந்திருப்பாள்.

டாக்டரம்மா பெரியப்பாவிடம் வாயை மூடிக்கொண்டது அவரைப் பூசிக்கொள்ள வைப்பதற்காக என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. அம்மா வாயை மூடிக்கொண்டது அந்த வீட்டில் அவள் இன்னும் வாழவேண்டியிருந்ததால் என்பது, எனக்குக் கல்யாணமான பிறகு புரிந்தது. அந்த ஒன்பது வயதில் என் கோபக் கணக்கில் வராமல் போனவள் ஒருத்திதான், நான். கண்டிகையில் அன்று என் தோள்மேல் இருந்தது என் அம்மாவின் கை. அது அப்படியொன்றும் கனமான கை அல்ல.