அம்மா எழுதச் சொன்ன பெயர்

எங்கள் வீட்டில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் தங்கைதான். பேனையைத் தொட்டாலே அவள் அழுவதால் அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும் இந்த வேலை என் தலையில் விழுந்தது. "அண்ணா, இதிலயும் பகிடி விட்டுராதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். சிரிப்புக் காட்டாமல் எழுத முயன்று பார்க்கிறேன்.

அம்மா புளியந்தீவில் பிறந்து, அப்பாவைக் கைப்பிடித்து வாவிக்கரைக்கு வந்தார். அப்பா பிடித்த மீனை விற்று எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். படிப்பு தங்கையிடம் தங்கியது.

ஒரு காலை, மீன்பெட்டியோடு சைக்கிளில் வந்த அப்பாவை, பாசிக்குடாவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றும் வேன் ஒன்று மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவர் எங்கள் பங்குக்காரர், நாங்கள் போகும் அதே தேவாலயத்துக்கு வருபவர். கண்ட சாட்சி வழக்கில் எதையும் காணவில்லை என்றார். விடுதலையானவர் அடுத்த ஞாயிறே கோவிலில் முன்வாங்கில் அமர்ந்தார். அம்மாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும், பூசையில் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று எழுதும் திருப்பலிக் கருத்துச் சீட்டில், சுகநலம் வேண்டி அந்த மனிதரின் பெயரை அம்மா எழுதிக் கொடுத்தார். பார்வை மங்கியதும் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒரு வாரம் அந்தப் பெயரை இறந்தவர்கள் பட்டியலில் எழுதிவிட்டேன். கை தவறிவிட்டது என்று சுவாமியிடம் சொன்னேன். உங்களிடம் சொல்கிறேன், கை தவறவில்லை.

சுவாமி பங்குக்குப் புதியவர். ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று உரக்க வாசித்தார். முன்வாங்கிலிருந்து வேன் ஓட்டியவரின் மனைவி அலறினார்: "ஐயோ சுவாமி, மனிசன் உசிரோட இஞ்ச இரிக்காரே!" கோவிலே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. பகல் சாப்பிடவும் இல்லை. பின்னேரம் என்னை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "பறவாயில்ல அக்கா. பிழை எல்லாருக்கும் வாறதுதானே."

எங்களை மன்னித்து, தேத்தண்ணியும் தந்தார். நான் அதைக் குடித்தும் தொலைத்தேன்.

வழியில் கேட்டேன்: "அப்பாவப் பத்தி இவ்வளவு காலத்துக்கு ஒரு சொல்லாவது சொன்னானா அம்மா?"

"சொல்லல்ல மனே. அதுக்குத்தானே செபிக்கிறன்."

"உங்களுக்கு எரியல்லயா?"

"எரியாம? எரிய எரியத்தான் செபிக்கிறன். மறுகா வேற என்ன செய்ய?"

கடைசி மாதங்களில் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் சனிக்கிழமை தவறாமல் கேட்பார்: "அவர்ர பெயர எழுதிட்டியா மனே?" "ஓம் அம்மா" என்பேன். ஒரு வாரம்கூட நான் எழுதவில்லை. அந்த "ஓம்" எல்லாவற்றையும் நம்பிக் கண்மூடினார்.

அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த தாதிமாருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், செபமாலை சொல்ல வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று ஆட்களை ஏற்றி இறக்கத் தன் வேனைத் தந்தவருக்கும் நன்றி. யார் என்று உங்களுக்குத் தெரியும். அன்றும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை நாள் போனது.

இன்றைய முப்பத்தோராம் நாள் திருப்பலியில் அவர் பெயர் வாசிக்கப்படும். உயிரோடு இருப்பவர்கள் பட்டியலில்தான் எழுதியிருக்கிறேன். என்னை நம்பாமல் தங்கை இரண்டு தரம் பார்த்துவிட்டாள்.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எரிகிறது அம்மா. எழுதிவிட்டேன்.